நெருப்புக்கு மடங்காத ஐந்தாம் நம்பர்

அத்தியாயம் ஆறு

“கம்பிக்குப் பேய் புடிச்சிருக்குதுங்க” என்றான் உதவியாளன் வேலுமணி.

துப்பறியும் யாகப்பன் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. காணாமற்போன சரக்கைத் தேடும் ரயில்வே இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, சூரமங்கலத்தில் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவர் அவர். சர்க்கரை மூட்டை கரைந்துவிட்டதாகவும் ஆட்டுக்குட்டி ஆவியாகிவிட்டதாகவும் எழுதிய அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறார்.

“எந்தக் கம்பி?”

“நாமகிரிப்பேட்டைக் கொல்லன் ஒருத்தன், பேரு பொன்னன். நேத்து ஜங்ஷன் பக்கத்துல இரும்புக் கடைக்கு வந்திருக்கான். அவன்கிட்ட ஒரு கம்பி வந்துச்சாம். காய்ச்சக் காய்ச்ச இறுகுதாம். மூணு தடவை உலையில வெச்சு அடிச்சுப் பார்த்துட்டு, எலுமிச்சம்பழம் அறுத்துத் திருப்பிக் குடுத்துட்டானாம். டீக்கடையில சிரிச்சுக்கிட்டாங்க. நானும் சிரிச்சேனுங்க. பாதி வழி வந்த பொறவுதான் சிரிப்பு நின்னுது.”

யாகப்பன் பத்திரிகையை மடித்தார். “உன் சிரிப்பு நின்றால் விஷயம் இருக்கும். உபகாரசாமியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா.”

உபகாரசாமிதான் இந்த வழக்கில் குற்றவாளி என்று பேசப்படுகிறவர். மருதாசலத்தின் வார்ப்படச் சாலையில் உலோகம் உருக்கும் பொறுப்பு அவருடையது. எஞ்சின் சூட்டைத் தாங்கும் வெளிநாட்டு வால்வுகள் வருவது குறைந்துபோய் லாரிகள் ஷெட்டில் நின்றுகொண்டிருந்த காலம் அது. இங்கேயே ஒரு வால்வு செய்ய வேண்டுமென்று ஒன்றரை வருஷமாக நிக்கலோடு இதையும் அதையும் சேர்த்து உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு கம்பிகள் வார்த்தார். ஒவ்வொன்றும் பெருவிரல் பருமன், மூன்று முழ நீளம். ஐந்தாவது கம்பி மட்டும் தேறியது. மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை அதைச் சூடாக்கிச் சோதித்துவிட்டு, மெல்ல ஆறட்டும் என்று பழைய கம்பிகள் கிடந்த மணலில் புதைத்து, ஷெட்டைப் பூட்டிக்கொண்டு போனார். இன்னொரு சாவி காவல்காரன் காத்தானிடம் இருந்தது. திங்கட்கிழமை மணல் இருந்தது. அந்தக் கம்பி மட்டும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்று அவரை வேலைக்கு அழைத்திருந்தது. சந்தேகப்பட அது போதாதா? இன்று மாலை நாலு மணிக்குள் கம்பி வராவிட்டால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சாலையில் வேலை செய்யும் எட்டுப் பேர் முன்னால், திருடன் என்ற வார்த்தையையும் சொல்லிவிட்டார்.

*

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் யாகப்பன், நடுவில் உபகாரசாமி, ஓரத்தில் வேலுமணி. வேலுமணி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன். ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் தகராறு வந்தபோது வயிற்றின் பக்கம் சேர்ந்துகொண்டவன்.

“அந்தக் கம்பியில் அப்படி என்னதான் இருக்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்” என்றார் யாகப்பன்.

“நிக்கல்தான் பெரும்பாகம். துருவுக்குப் பயந்து கொஞ்சம் குரோமியம். பிறகு அலுமினியம்.” நாலு நாள் தாடியோடு இருந்த உபகாரசாமியின் குரலில், உலோகம் என்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. “அலுமினியம் நிக்கலோட சேர்ந்தா ஒரு ஒழுங்குக்கு வந்துடும், சார். மூணு நிக்கல் அணுவுக்கு ஒரு அலுமினிய அணு. யாருக்கு எந்த இடம்னு கணக்கா உட்காரும். முதல் ரெண்டு கம்பியில அலுமினியத்தை அள்ளிப் போட்டுட்டேன். கம்பி முழுக்க அந்த ஒழுங்குதான். கை தவறிக் கீழே விழுந்ததும் ரெண்டும் கண்ணாடி மாதிரி உடைஞ்சுது.”

“ரொம்ப ஒழுங்கா இருந்தா அப்படித்தானுங்க” என்றான் வேலுமணி. “எங்க பெரியப்பன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாரு.”

“அதனால அஞ்சாவதுல அளவைக் குறைச்சேன். சாதாரண நிக்கல் நடுவுல, அந்த ஒழுங்கு சின்னச் சின்ன மணியா விதைச்ச மாதிரி இருக்கும். கம்பி வளையணும்னா உள்ளே அணு வரிசை நழுவணும். மணிக்குள்ள நழுவினா ஒழுங்கு குலைஞ்சுபோகும். அதைச் சரி பண்ணப் பின்னாலேயே இன்னொரு நழுவல் வரணும். புருஷன் பெண்சாதி மாதிரி ஜோடியாத்தான் அங்கே நடக்க முடியும்.”

“சரி. சூட்டில் ஏன் இறுகுகிறது?”

“அதுதான் அதிசயம், சார். வெளிநாட்டுக்காரங்களே ஆறேழு வருஷம் முன்னாலதான் கவனிச்சிருக்காங்க. சூடு ஏறினா, ஜோடியில முன்னால போறது குறுக்குச் சந்துல திரும்பிடும். அங்கேயே மாட்டிக்கும். பின்னால வர்றது அதை விட்டுட்டுப் போக முடியாது. ரெண்டும் நின்ன இடத்துலயே நிக்கும்.”

வேலுமணி தலையை ஆட்டினான். “மாரியம்மன் பண்டிகையில எங்கூட்டுக்காரி வளையல் கடைப் பக்கம் திரும்புற கதைதானுங்களே. நானு ராத்திரி வரைக்கும் நின்ன இடத்துலயே நின்னிருக்கேன்.”

“அதேதான்” என்றார் உபகாரசாமி, மிகவும் மரியாதையாக. “அதுக்கும் மேல ஒரு வேலை செஞ்சேன். அலுமினியம் உட்கார வேண்டிய சில இடத்துல டைட்டானியத்தை உட்கார வெச்சேன். அது கொஞ்சம் பருமன். இடம் அதேதான், ஆள் பெருசு. அக்கம்பக்கம் எல்லாம் இறுகிடும். யாராலும் சுலபமா நகர முடியாது.”

சொல்லிக்கொண்டே அவர் தன் இடது தோளை வேலுமணியின் வலது தோளுக்கு அடியிலிருந்து உருவ முயன்றார். முடியவில்லை.

“பருமன்னு சொல்லறப்ப என்னையப் பார்க்காதீங்க” என்றான் வேலுமணி. “நானு இருக்கறதாலதான் இந்த சீட்டு கெட்டியா இருக்குது. பஸ் கவுந்தாலும் நாம மூணு பேரும் கவுழ மாட்டோம்.”

*

பொன்னனின் உலைக்களம் மஞ்சள் மண்டிக்குப் பின்னால் இருந்தது. மாசி மாதம். ஊர் முழுக்க வேகும் மஞ்சளின் வாசனை. பொன்னன் கம்பி என்று கேட்டதுமே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

“அது வேண்டாமுங்க. அதைப் பத்திப் பேசுனா இன்னைக்குப் பொழப்பு கெடும்.”

“பேய் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு சாமி. நாங்க மறுபக்கம் புடிச்சுக்கறோம்” என்றான் வேலுமணி.

பொன்னனுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு பேச்சும் வந்தது. “ரெண்டு முனையும் கீழ மடக்கித் தரோணும்னு குடுத்தாங்க. அடுப்புக் கல்லுல புடிச்சு நிக்கோணுமாம். வந்ததும் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். காய்ச்சாமப் பச்சையாவே லேசா மடங்குச்சு. அட, இளங்கம்பின்னு நெனச்சு உலையில வெச்சேன். நல்லாச் செவந்துருச்சு. எடுத்து அடிச்சா சுத்தியல் திரும்பி வருது. பச்சையில மடங்குனது செவந்த பொறவு மடங்க மாட்டேங்குது. என்ற அப்பன் காலத்துல இருந்து நெருப்புக்குப் பயப்படாத இரும்பை நானு பார்த்ததில்லீங்க.”

உபகாரசாமி ஒரு அடி முன்னால் வந்தார். “என்னுதுதான், சார். ஊரிலே இப்படி முரண்டு பிடிக்கிற கம்பி வேற கிடையாது.”

“எந்த வீட்டிலிருந்து வந்தது?” என்று கேட்டார் யாகப்பன்.

“சென்னியம்மா தோட்டத்துல இருந்துங்க. மஞ்சள் அடுப்புக்கு.”

உபகாரசாமியின் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் போய்விட்டது. “சென்னியம்மாள் முதலாளியோட அக்கா, சார்.”

“அப்படியானால் முதலாளியும் வரட்டும்” என்றார் யாகப்பன். மண்டிக்குப் போய் டெலிபோன் போட்டார். கம்பி கிடைத்துவிட்டது, அக்கா தோட்டத்துக்கு உடனே வாருங்கள் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு ஒரு மணி நேர நடை. வழியில் வேலுமணி முணுமுணுத்தான். “கம்பி கெடைச்சது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலீங்ளே. திருடுன சாமானை முதலாளி அக்கா ஊட்டுலயே ஒளிச்சு வெச்சான்னு சொன்னா, கதை இன்னும் நல்லா இருக்குமே.”

“சொல்வார்” என்றார் யாகப்பன்.

*

தோட்டத்தில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அடுப்பின் வாய்மீதும் குறுக்காக இரண்டு கம்பிகள். கம்பிகள் மீது மஞ்சள் வேகும் பெரிய கொப்பரை. கீழே மஞ்சள் தோகையும் கரும்புச் சோகையும் திகுதிகுவென்று எரிந்தன. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சின்னுசாமி, சோகையைத் தள்ளிக்கொண்டே வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தான்.

வேலுமணி குனிந்து முதல் அடுப்பின் கம்பிகளை ஆராயப் போனான். யாகப்பன் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“கம்பியைப் பார்க்காதே. கொப்பரையைப் பார்.”

முதல் கொப்பரை நடுவில் அமுங்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு கம்பிகளும் சூட்டில் தொய்ந்துபோயிருந்தன. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவது கொப்பரை மட்டும் இடது பக்கம் சாய்ந்து, அந்தப் பக்க விளிம்பில் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கம்பி கொப்பரையின் கனத்தில் வில்லாக வளைந்திருந்தது. வலது கம்பி வளையவில்லை.

“இந்த அடுப்புல மட்டும் ஒரு பக்கம் எறங்க மாட்டேங்குதுங்க” என்று புகார் சொன்னான் சின்னுசாமி. “இடது கம்பியை நாலு தடவை மாத்தியாச்சு. வலது கம்பியைப் பதினஞ்சு நாளா யாரும் தொடலை. ரெண்டும் சேர்ந்து வளைஞ்சாலாவது கொப்பரை நேரா நிக்கும்.”

உபகாரசாமி அடுப்புக் கல்லில் நீட்டிக்கொண்டிருந்த முனையருகே மண்டியிட்டார். சாம்பலைத் துடைத்தார். அடையாளத்துக்காக அவர் ஊசிமுனையால் குத்தியிருந்த ஐந்து புள்ளிகள் தெரிந்தன. பக்கத்தில் பொன்னனின் சுத்தியல் விழுந்த தடம்.

“யார் கொடுத்தது இதை?” என்று கேட்டார் யாகப்பன்.

“சென்னியம்மா ஆத்தாதான் அடுப்புல வைக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அவிய மஞ்சள் காயப்போடற களத்துல இருக்கறாங்க. வரச் சொல்லட்டுங்களா?”

அதற்குள் வாய்க்கால் பாலத்தின் மேல் கார் வரும் சத்தம் கேட்டது. மருதாசலம் இறங்கினார். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி. கொப்பரையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மண்டியிட்டிருந்த உபகாரசாமியைப் பார்த்தார். எல்லாம் ஒரே கணக்கில் வந்து முடிந்துவிட்டது அவருக்கு.

“என்ற அக்கா ஊட்டுலயே கொண்டாந்து ஒளிச்சு வெச்சயா? எங்கயும் தேடுவாங்க, இங்க தேட மாட்டாங்கன்னு?”

“முதலாளி, நான் இந்தத் தோட்டத்துக்கு வர்றது இதுதான் முதல் தடவை.”

“பின்ன கம்பி நடந்து வந்துச்சா? மணல்ல பத்துப் பதினஞ்சு கம்பி கெடந்துச்சு. அதுல நல்லது எதுன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும். சாவி உன்கிட்ட. அந்த ஞாயித்துக்கிழமை யாருமே வரலைன்னு காத்தான் சொல்லியிருக்கறான். யாகப்பன், உங்க வேலை முடிஞ்சுது. நாலு மணி வரைக்கும் நானு காத்திருக்கப் போறதில்லை. இப்பவே ராசிபுரம் போலீசுல எழுதிக் குடுத்துடறேன்.”

உபகாரசாமி மண்டியிட்டபடியே இருந்தார். அவர் கண்கள் கம்பியின் மேலேயே இருந்தன. அதைப் பார்க்கக் கிடைக்கும் கடைசி நிமிஷம் இதுதான் என்பது போல.

“ஐந்து நிமிஷம் பொறுங்கள்” என்றார் யாகப்பன். “கம்பி இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று வீட்டுக்காரர் சொல்லட்டும்.”

சென்னியம்மாள் களத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மஞ்சள். தம்பியைவிட ஒரு முழம் குட்டை. ஆனால் அவள் நெருங்க நெருங்க மருதாசலத்தின் உயரம் குறைந்துகொண்டே வந்ததாக வேலுமணிக்குத் தோன்றியது.

“ஏண்டா, அடுப்படியில நின்னுக்கிட்டு என்ன சத்தம்? உலை கெட்டுப்போகும்.”

“அக்கா, இந்தக் கம்பியை உனக்கு யாரு குடுத்தா? பயப்படாமச் சொல்லு.”

சென்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீதாண்டா.”

அடுப்பில் சோகை வெடித்தது.

“நானா?”

“அடுப்பு மூட்டுன அன்னைக்கு, ஞாயித்துக்கிழமை. போன வருஷத்துக் கம்பியெல்லாம் தொங்கிப்போச்சு, ஆலையில இருந்து நல்லதா ஒண்ணு கொண்டாடான்னு ரெண்டு தடவை சொல்லி உட்டேன். அக்கா ஊட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு அதையும் கொண்டாந்த, கூட ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டாந்த. பழம் கன்னிப்போயிருந்துச்சு. கம்பி நல்ல கம்பி.”

மருதாசலம் கம்பியருகே குனிந்து பார்த்தார். “மணலுக்கு வெளிய ஒரு முனை நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. காலுல தட்டுச்சு. எடுத்துக் கார்ல போட்டேன். பழைய கம்பின்னு…”

“நல்லது எதுன்னு தெரிஞ்சவங்கதான் எடுக்க முடியும்னு யாரோ சொன்னாங்களே” என்றான் வேலுமணி, வானத்தைப் பார்த்து. “தெரியாதவங்க காலுலயும் தட்டும் போல இருக்குது.”

“ஆனா காத்தான்” என்று ஒரு கடைசிப் பிடி பிடித்தார் மருதாசலம். “யாரும் வரலைன்னானே.”

“அவன் பொய் சொல்லவில்லை” என்றார் யாகப்பன். “நேற்று அவனிடம் ‘அந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்தார்களா’ என்று கேட்டேன். ‘ஒருத்தரும் வரலீங்க’ என்றான். இன்று காலை பஸ் ஏறுவதற்கு முன் ‘முதலாளி எத்தனை மணிக்கு வந்தார்’ என்று கேட்டேன். ‘பத்து மணிக்குங்க, கதவை நான்தான் திறந்து விட்டேன்’ என்று உடனே சொன்னான். உங்களை அவன் ‘யாராவது’ என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை.”

“காலையிலேயே தெரியுமா? ஏன் என்கிட்டச் சொல்லலை?”

“நீங்கள் வந்தது தெரியும். எடுத்தது தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தாலும் என்னை நம்பியிருப்பீர்களா? நீங்கள் நம்புகிற வாயிலிருந்து வரட்டும் என்றுதான் இருந்தேன்.”

கொப்பரை இறங்கும் நேரம் வந்தது. சின்னுசாமியும் ஆட்களும் அதன் காது வளையங்களில் தடியைக் கோத்துத் தூக்கி நகர்த்தினார்கள். நெருப்பின் மேல் இரண்டு கம்பிகள் மட்டும் நின்றன. ஒன்று வில். ஒன்று நேர்.

மருதாசலம் அந்த நேர்க்கம்பியை வெகுநேரம் பார்த்தார். லாரிகள் அவர் கண்ணில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். “அக்கா, இதை நானு எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார்.

“எடுத்துப்பாரு” என்றாள் சென்னியம்மாள். “இன்னும் பன்னண்டு கொப்பரை வேகோணும். எனக்கு இது வேணும். உனக்கு வேணும்னா இன்னொண்ணு செஞ்சுக்க.”

“இதைச் செய்யத் தெரிஞ்சவரு ஒருத்தருதான் இருக்கறாரு.”

“அப்ப அவர்கிட்டக் கேளு. எங்கிட்ட எதுக்குக் கத்தற?”

எல்லோரும் உபகாரசாமியைப் பார்த்தார்கள். அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னொண்ணு வார்க்கலாம், முதலாளி. இது பதினஞ்சு நாளுக்கு மேல நெருப்புல நின்னுருக்கு. நம்ம ஷெட்டில் நான் ஒரு மணி நேரந்தான் சோதிச்சேன். இதைப் பார்த்த பிறகு எதை எவ்வளவு போடணும்னு எனக்குச் சந்தேகமே இல்லை.” கம்பியிலிருந்து கண்ணை எடுத்து முதலாளியைப் பார்த்தார். “ஆனா, போன வாரம் எட்டுப் பேர் முன்னால ஒரு வார்த்தை சொன்னீங்க. அந்த எட்டுப் பேர் முன்னாலயே அதைத் திருப்பி எடுத்துக்கணும். அதுக்கப்புறந்தான் உலை மூட்டுவேன்.”

மருதாசலம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வார்ப்படச் சாலையில் அவர் சொன்ன வார்த்தையை அவரே திரும்பப் பெற்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அக்காவைப் பார்த்தார். அவள் அடுத்த கொப்பரைக்கு மஞ்சள் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“எப்படீங்க சொல்றது?” என்று யாகப்பனிடம் கேட்டார், அடிக்குரலில்.

“உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கம்பியை எடுத்தது நான் என்று.”

“சுருக்கமா சொல்லீரலாமுங்க” என்றான் வேலுமணி. “வாழைப்பழத்தை உட்டுடலாம்.”

மருதாசலம் சிரிக்கவில்லை. “காலையில ஏழு மணிக்கு எட்டுப் பேரும் இருப்பாங்க” என்றார் உபகாரசாமியிடம். “எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லறேன். நீங்க வந்துருங்க.”

“வர்றேன்.”

“பேசி முடிச்சாச்சா?” என்றாள் சென்னியம்மாள். “அந்த வளைஞ்ச கம்பியை எடுத்துப்போட்டு, இந்தக் கம்பியை நடுவுல நகர்த்தி வையுங்க. ரெண்டு பக்கமும் அடுப்புக் கல்லுல ஒட்டி, கொப்பரை இனியாவது நேரா நிக்கட்டும். சின்னுசாமி கை காலியில்லை.”

உபகாரசாமி நனைத்த சாக்கை ஒரு முனையில் சுற்றிப் பிடித்தார். மறுமுனையில் சுற்ற இன்னொரு சாக்கை நீட்டினார். அதை வாங்குவதற்கு வேலுமணி அடியெடுத்து வைத்தான்.

“நீ நில்லு” என்றார் மருதாசலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கை வாங்கி, நெருப்புக்கு எதிரே குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.